தனபால் சார் வெளியே போயிருக்கிறார்

படப்பையில் மசாலாப் பொடி பாக்கெட் போடுகிற ஒரு பெண் போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள். அவளும் அவளைப் போலச் சொந்தத் தொழில் தொடங்கிய சில பெண்களும் மாதம் ஒருமுறை கூடுகிறார்களாம். அடுத்த கூட்டத்தில் நான் வந்து தன்னம்பிக்கையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். "நீங்க கம்பெனிக்குப் போய்க்கினு இருந்துட்டு, அப்புறம் சொந்தமா யூனிட் போட்டு நின்னு காட்டினவங்க. அந்த தைரியம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொன்னா போதும்மா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, எனக்குப் பேச வராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மேடையில் நின்று இதைச் சொன்னால் அடுத்த மாதம் கூட்டத்துக்கு ஒருத்தியும் வரமாட்டாள். ஏனென்றால் என் தைரியத்துக்கு ஒரு பெயர் இருந்தது. தனபால். வயது ஐம்பத்தைந்து. சர்க்கரை வியாதி உண்டு. மகா கோபக்காரர். அவரிடம் ஒரே ஒரு குறைதான், அப்படி ஒரு ஆள் உலகத்தில் இல்லை.

என் பெயர் மல்லிகா. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம், கார்களுக்கு ரப்பர் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி பஸ் வரும், ஏறுவேன், தூங்குவேன், இறங்குவேன், தட்டில் சாமான்களை அடுக்குவேன். பிறகு என்னைச் சோதனை மேஜையில் உட்கார வைத்தார்கள். அங்கேதான் சங்கரலிங்கம் சார் எனக்கு மேலதிகாரி.

எங்கள் வேலை இதுதான். அச்சிலிருந்து வரும் ரப்பரில் ஓரமெல்லாம் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தரியால் வெட்ட ஒரு குழு. வெட்டியது சரியா என்று பார்க்க நாங்கள். வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே, வெள்ளைத் தட்டில், கறுப்பு ரப்பர். இரண்டு விரலால் எடுக்க வேண்டும். விளிம்பைக் கட்டைவிரலால் இழுத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிசிறு மிச்சமிருந்தால் திரும்ப வெட்டக் கொடுக்கலாம். ஆனால் கத்தரி விளிம்பிலேயே பட்டு ஒரு நூல் அளவு வெட்டு விழுந்திருந்தால் அந்த ரப்பர் செத்தது. அது இருக்கிற பெட்டிக்குச் சிவப்பு அட்டை கட்ட வேண்டும். அட்டையில் மூன்று கோடு இருக்கும். வெட்டியவர், பார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். மூன்று பேரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தான் வெட்டியதைத் தானே பார்க்கக் கூடாது. தன் கையில் விழுந்த தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள்.

சங்கரலிங்கம் சார் தென்காசிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாருக்கும் முடியாது என்று சொல்லியும் கேட்டதில்லை. உற்பத்திப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்து, "சார், லேசான பிசிறுதான், லாட்டை விட்டுடுங்க, வண்டி நிக்குது" என்று கெஞ்சுவார். சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "உங்க கஷ்டம் எனக்குப் புரியாமலா இருக்கு. மேல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பார். ஃபைலை எடுத்துக்கொண்டு இரும்புப் படியில் ஏறி மாடிக்குப் போவார். பத்து நிமிடம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வருவார். "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் தம்பி. மேல ஒத்துக்கிட மாட்டேங்காவ." வந்தவர் மேலே இருப்பவர்களைத் திட்டிவிட்டு, சாருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

ஒருநாள் கையெழுத்து ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டதால் நானும் பின்னாலேயே படியேறிப் போனேன். மாடியில் ஆபீஸ் எதுவும் இல்லை. பழைய அச்சுகள் அடுக்கிய ஒரு கூடம். சார் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக லாரிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துளிகூடப் பதறவில்லை.

"மேல யாரும் இல்லியா சார்?" என்றேன்.

"இருக்காவ, இருக்காவ. இன்னைக்கு வரல" என்று சொல்லி, பிளாஸ்கின் மூடியில் எனக்கும் கொஞ்சம் டீ ஊற்றிக் கொடுத்தார். பதினைந்து வருடமாக அந்த "மேலே" வரவே இல்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல டீ அது.

பிறகு கம்பெனி, பிசிறு வெட்டும் வேலையை வெளியே கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தது. எங்கள் பிரிவை மூடினார்கள். கணக்கை முடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் குமார் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்தான் ஒருநாள், "வெளில குடுக்கிற வேலைய எவனோ ஒருத்தன் எடுக்கத்தான போறான்? நீ எடுத்தா இன்னா?" என்றார். என்ன சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அந்த ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டார்.

சேரப்பணஞ்சேரியில் ஷட்டர் போட்ட ஒரு பெரிய அறை வாடகைக்குக் கிடைத்தது. அறைக்குச் சொந்தக்காரர் இருப்பது தாம்பரத்தில். இரண்டு நீள மேஜை, டியூப்லைட், கத்தரிகள் எல்லாம் வாங்கிப் போட்டாயிற்று. குமார் எங்கிருந்தோ ஒரு சுழல் நாற்காலி கொண்டுவந்து மூலையில் போட்டார். "ஓனர்னா சேர் வேணும்" என்றார். நான் அதில் உட்காரவில்லை. வெட்கமாக இருந்தது. ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன்.

திறந்த முதல் நாள் ஒரு பார்ட்ஸ் கம்பெனியிலிருந்து பிரபு என்ற பையன் போன் செய்தான். வெளி வேலை கொடுத்து வாங்குவது அவன் பொறுப்பு. குரலைக் கேட்டால் மீசை முளைத்து மூன்று மாதம் ஆகியிருக்கும் போலிருந்தது. "ஓனர்கிட்ட பேசலாமா?" என்றான்.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதினெட்டு வருடம் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டு, லீவுக்கு எழுதிக் கொடுத்து, பாத்ரூம் போக டோக்கன் வாங்கிய வாய் அது. அந்த வார்த்தை வரவில்லை. சுவரில் எதிர் மளிகைக்கடை கொடுத்த காலண்டரில் தனபால் ஸ்டோர்ஸ் என்று போட்டிருந்தது.

"தனபால் சார் வெளிய போயிருக்கார் சார். நான் சூப்பர்வைசர் மல்லிகா பேசறேன்" என்றேன்.

"நாளைக்கே ஆறு பாக்ஸ் வெட்டித் தர முடியுமான்னு அவர்கிட்ட கேளுங்க."

முடியாது. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பிரபுவிடம் முடியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். "கேட்டுச் சொல்றேன் சார்" என்று போனை வைத்துவிட்டு, டீக்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து கூப்பிட்டேன். "எவ்ளோ சொல்லியும் ஒத்துக்கல சார். மூணு நாள் ஆகும்ன்றார். தரம் கெட்டா கத்துவார்."

"ஸ்ட்ரிக்ட்டான ஆளோ?" என்றான் பிரபு. குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது. மூன்று நாள் கொடுத்தான்.

அன்றைக்குத்தான் தனபால் சார் பிறந்தார். அவர் மாதிரி ஒரு முதலாளியை நான் பார்த்ததில்லை. அவசரத்துக்கு மசியமாட்டார். யாராவது குரலை உயர்த்தினால் இரண்டு நாள் போனையே எடுக்கமாட்டார். ஓசூரில் இன்னொரு யூனிட் இருப்பதால் அடிக்கடி அங்கே போய்விடுவார். எனக்கு வராத தைரியமெல்லாம் அவருக்கு வந்தது. யூனிட்டின் காகிதங்களெல்லாம் என் பெயரில்தான் இருந்தன. பிரபு அதைப் பார்த்துவிட்டு ஒரு தடவை கேட்டான். நான் பதில் யோசிப்பதற்குள், "ஓ, டாக்ஸுக்காக லேடீஸ் பேர்ல போட்டிருக்காரா, சரி சரி" என்று அவனே சொல்லி முடித்துவிட்டான். உண்மையைக் காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்தால்கூட நம்புவதற்கு ஆள் இல்லை. நான் என்ன செய்வது?

ஒரு தடவை அவனாகவே வந்தான். சாரைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டான். அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றேன். அடுத்த வாரம் கருஞ்சீரகமும் வெந்தயமும் வறுத்து அரைத்த பொடி ஒரு டப்பா வந்தது, அவன் அம்மா கையால் செய்ததாம். குமாருக்கும் சர்க்கரை உண்டு. தினம் காலையில் வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டு, "உன் தனபால் புண்ணியத்துல நல்லாகீது" என்பார். நாளாக ஆக அவருக்குக் கொஞ்சம் பொறாமையும் வந்தது. "இருபது வருசமா நான் சொல்றத நீ கேட்டதில்ல. இல்லாத ஆளு சொன்னா மட்டும் கேக்கற" என்றார்.

வேலைக்கு ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேவகி உள்ளூர்க்காரி. அவள் வீட்டு நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. கண் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. மாரி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, மூன்று தோழிகளோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்த சின்னப் பெண். கார் கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்து இங்கே வந்தவள்.

இவர்களிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு சௌகரியம். மேஜையில் போன் வைக்கக் கூடாது என்று சொன்னது தனபால் சார். ரேடியோ வேண்டாம் என்றதும் அவர்தான். வெட்டு விழுந்த தட்டைத் திரும்பக் கொடுக்கும்போது, "எனக்கு ஒண்ணும் இல்லடி, அந்த மனுசன் கத்துவார்" என்பேன். நான் எல்லோருக்கும் செல்ல அக்காவாக இருந்தேன். தினம் காலையில் தேவகி அந்தச் சுழல் நாற்காலியைத் துடைப்பாள், துடைக்கும்போதே அதில் உட்காராத மனிதரை ஒரு வரி திட்டுவாள். நானும் கூடச் சேர்ந்து ஒரு வரி திட்டுவேன். அதில் எனக்கு ஒரு ருசிகூட இருந்தது.

ஒன்றைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். தேவகியின் மகளுக்குப் பள்ளியில் விளையாட்டு விழா. நீளம் தாண்டுவதில் அந்தப் பெண் வட்டாரத்திலேயே முதலாவது வந்திருந்தாள். பரிசு வாங்கும்போது அம்மா இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தேவகி அரை நாள் லீவு கேட்டாள். அன்றைக்கு எட்டுப் பெட்டி போக வேண்டும். தேவகி இல்லாமல் போகாது. "சாரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து, "ஒத்துக்கல தேவகி" என்றேன். அவள் அழுதாள். அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "கல்நெஞ்சுக்காரன்" என்று நானும் சொன்னேன். எட்டுப் பெட்டியும் போயிற்று. அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் உண்மையைச் சொன்னேனா? இல்லை.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. பிறகுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. கார் கதவுக்குள் வயர் போகிற இடத்தில், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஒரு ரப்பர் மாட்டுவார்கள். அதன் பிசிறு வெட்டும் வேலை முழுவதையும் ஆறு மாதத்துக்கு எங்களுக்கே தருவதாகப் பிரபுவின் கம்பெனி சொன்னது. கிடைத்தால் இன்னும் பத்துப் பெண்களைச் சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் யூனிட்டையே மூட வேண்டியதுதான், ஏனென்றால் பழைய வேலைகளும் அந்த ரப்பரோடு சேர்ந்து வேறு கைக்குப் போய்விடும். மாதிரிக்குப் பத்துப் பெட்டி வெட்டித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை பிரபுவும் அவன் மேனேஜரும் நேரில் வந்து பார்ப்பார்கள். கடைசியில் பிரபு சொன்னான், "மேடம், இந்தத் தடவை சார் கண்டிப்பா இருக்கணும். ஓனரைப் பாக்காம எங்க மேனேஜர் கையெழுத்துப் போடமாட்டார்."

தனபால் சாரை என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். குமார், தானே வெள்ளைச் சட்டை போட்டு வந்து உட்காருவதாகச் சொன்னார். யூனிட்டில் பாதிப் பேர் தினம் அவர் ஆட்டோவில் வருகிறவர்கள். பேசாமல் தனபாலைக் கொன்றுவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் பிரபு மாலையோடு வந்து வீடு எங்கே என்று கேட்பான். இளகிய மனசுக்காரன்.

இந்தக் குழப்பத்தில் புதன்கிழமை பெண்கள் மெதுவாக வெட்டுவதாக எனக்கு எரிச்சல் வந்தது. "இப்படி வெட்டணும்" என்று கத்தரியை வாங்கி, ஒரு பெட்டி முழுக்க நானே வெட்டித் தள்ளினேன். பதினைந்து வருடம் மற்றவர்கள் வெட்டியதைக் குறை சொன்னவள் நான். வெட்டியவள் அல்ல. நான் வெட்டியதை நானே பார்க்கக் கூடாது என்பதால் தேவகியிடம் கொடுத்தேன். அவள் ஒன்றை எடுத்தாள், விளிம்பை இழுத்தாள், சுற்றினாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவது. பிறகு சிவப்பு அட்டையை எடுத்து, வெட்டியவர் என்ற கோட்டில் மல்லிகா என்று எழுதினாள். விளிம்பெல்லாம் வெட்டு. பெட்டியில் பாதிக்கு மேல் செத்திருந்தது.

ஆறு பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாயில் அது பழக்கத்தில் வந்துவிட்டது. "தனபால் சார் காலைல போன்ல அவசரப்படுத்தினார். அந்தப் பதட்டத்துல..."

தேவகி அட்டையைப் பெட்டியில் கட்டினாள். "போதும்க்கா" என்றாள்.

மறுநாள் பத்து மணி டீக்கு யாரும் டீ எடுக்கவில்லை. தேவகி என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள்.

"அக்கா, நாங்க எல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம். நாளையோட நின்னுக்கறோம்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "நாளைக்கு ஆளுங்க பாக்க வராங்க தேவகி."

"வரட்டும். அந்த ஆளே பதில் சொல்லட்டும். உன்ன இன்னா பாடு படுத்தறான், எங்களுக்குத் தெரியாதா? பதினெட்டு வருசம் வேல பாத்த கை, அவன் போட்ட சத்தத்துல ஒரு பொட்டி ரப்பர வீணாக்கிக்கினு நிக்குது. பாக்கவே கஷ்டமாகீதுக்கா."

"நீங்களும் வேலய விட்ருங்கக்கா" என்றாள் மாரி. "படப்பையில ஒரு ஷெட்டு பாத்து வச்சிருக்கோம். நாமளே யூனிட் போடுவோம். அந்தப் பிரபு சாரு கூட நீங்க பேசுனாத்தான் கேக்காரு. நீங்கதான் ஓனரு. நாங்க எல்லாம் ஒங்க கூட வாரோம்."

"யாரு, நானா?" என்றேன்.

"வேற யாரு? வேலை தெரியும். ஆளுங்கள தெரியும். கட்டுறது, அனுப்பறது, பேசறது எல்லாம் நீதான. அந்த ஆளு இன்னா கிழிக்கறான்? சேரத் தேய்க்கிறதுக்குக்கூட வரல" என்றாள் தேவகி.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் யூனிட்டிலிருந்து என்னையே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். ஒன்றரை வருடமாக இந்த ஆறு பேருக்கும் நான் முதலாளியாகத் தெரிந்திருக்கிறேன். தெரியாதது எனக்கு மட்டும்தான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, அவ்வளவு கேவலமாகவும் உணர்ந்ததில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பிரபுவும் மேனேஜரும் வந்தார்கள். மேனேஜர் அறுபதை நெருங்கும் மனிதர். ஒவ்வொரு மேஜையாகப் பார்த்தார், டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார், ஒரு ரப்பரை எடுத்து விளிம்பை இழுத்தார். தலையாட்டினார். கால் வலித்ததோ என்னவோ, சுழல் நாற்காலியை நோக்கிப் போனார்.

"அது ஓனர் சேர் சார்" என்றாள் தேவகி, நாக்கில் வேப்பெண்ணெய் பட்ட மாதிரி.

"எங்கே ஓனர்?"

எல்லாத் தலைகளும் வாசலைப் பார்த்தன. தனபால் உள்ளே வந்தால் நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்பது என்று தேவகி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். மேனேஜர் கண்ணில் அதற்குள் சிவப்பு அட்டை பட்டுவிட்டது. குனிந்து படித்தார். "பத்துப் பெட்டியில ஒண்ணு இப்படியா? வெட்டினது மல்லிகான்னு போட்டிருக்கு. யார் அது? ஏன் இப்படி வெட்டினாங்க? ஓனர்தான் எனக்குப் பதில் சொல்லணும்."

சாக்கு எல்லாம் தொண்டையில் வரிசையாக வந்து நின்றது. ஓசூர், சர்க்கரை, ஆஸ்பத்திரி, ஒன்றுவிட்ட அக்கா மகள் கல்யாணம். தேவகியின் முகத்தைப் பார்த்தேன். இல்லாத ஒருவனோடு எனக்காகச் சண்டை போடத் தயாராக நிற்கிறாள்.

"நான்தான் சார் வெட்டினேன். அவசரப்பட்டுட்டேன். யாரும் அவசரப்படுத்தல" என்றேன். "ஓனரும் நான்தான்."

பிரபு சிரித்தான். "மேடம், அது பேப்பர்ல. தனபால் சார் எங்க?"

"அப்படி யாரும் இல்ல சார். மூணு நாள் வேணும்னு கேட்டது நான். ரெண்டு நாள் போன் எடுக்காதது நான். உங்க அம்மா குடுத்த பொடிய குடிச்சது மட்டும் என் வூட்டுக்காரர்."

யார் கையிலிருந்தோ கத்தரி விழுந்தது. பிரபு அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கே துக்கமாகிவிட்டது. நெருங்கிய சொந்தத்தைப் பறிகொடுத்தவன் மாதிரி இருந்தான். "நான் அவர்கிட்ட போன்ல பேசின மாதிரியே ஒரு ஞாபகம்" என்றான் மெதுவாக.

மேனேஜர் சிவப்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பார்த்தவர் தேவகி. நீங்கதானா அது? முதலாளி வெட்டின பெட்டின்னு தெரிஞ்சா ரிஜெக்ட் பண்ணீங்க?"

"முதலாளின்னு தெரியாது சார்" என்றாள் தேவகி. "தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா பாத்திருப்பேன்."

மேனேஜர் அட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். ஒன்பது பெட்டியை எடுத்துக்கொண்டார். முதலில் இரண்டு மாதத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை முதல் லோடு வரும், பத்தாவது பெட்டிக்குப் பதில் வேறு ரப்பர் சனிக்கிழமை காலையில் வரும், அதை மதியத்துக்குள் வெட்டித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். பிரபு ஏறும்போது ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தான்.

நான் உள்ளே திரும்பினேன். ஆறு பேரும் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. வேலை வந்துவிட்டது. இவர்கள் போய்விட்டால் அதை வெட்ட ஆளில்லை.

"என் பொண்ணு பரிசு வாங்கினப்போ ஒத்துக்காதது யாரு?" என்றாள் தேவகி.

"நான்."

"கல்நெஞ்சுக்காரன்னு சொன்னது?"

"அதுவும் நான்."

தேவகி கத்தரியை மேஜையில் வைத்தாள். பிறகு நடந்து போய் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் ஒரு ஆள் உட்கார்ந்து நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "நாங்க புதுசா ஒரு யூனிட் போடறோம்" என்றாள். "அதுக்கு ஓனர் வேணும். நீ வந்திருக்கற. நின்னுக்கோ, கேள்வி கேக்கணும்."

நின்றேன்.

"வேலை தெரியுமா?"

"பாக்கத் தெரியும். வெட்டத் தெரியாது."

மாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தேவகி சிரிக்கவில்லை. "நாளைக்கு ஒருத்தி வந்து லீவு கேட்டா இன்னா சொல்லுவ?"

"குடுக்க முடிஞ்சா குடுக்கறேன். முடியலன்னா முடியாதுன்னு சொல்றேன். என் வாயால."

"அழுதா?"

"அழட்டும். என்னைத் திட்டட்டும். தோளைத் தட்டிக் குடுக்க மாட்டேன்."

தேவகி நாற்காலியை விட்டு எழுந்தாள். "சரி, சேந்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்டூலுக்குப் போனாள். அந்தக் குரலில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. வேலை மட்டும்தான் கொடுத்தாள். மன்னிப்பு வருவதற்கு அடுத்த வருடம் விளையாட்டு விழா வரைக்கும் ஆயிற்று.

ஆனால் அன்று பதினொன்றரைக்கே ஒன்று நடந்தது. என்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதோ, உண்மையாகவே தேவைப்பட்டதோ, மாரி எழுந்து வந்தாள். "அக்கா, நாளைக்கு எனக்கு லீவு வேணும். ஊர்ல இருந்து சித்தி வாராவ. தாம்பரத்துல போயிக் கூட்டிட்டு வரணும்."

நாளை மதியத்துக்குள் ஒரு பெட்டி வெட்டிக் கொடுக்க வேண்டும். மாரியைவிட வேகமான கை அங்கே இல்லை. என் கால் பழக்கத்தில் வாசலை நோக்கி ஓர் அடி வைத்தது. டீக்கடையில் பாலேடு மணக்க டீ கொதிப்பது இங்கேயே தெரிந்தது. திரும்பி வந்தேன்.

"முடியாது மாரி. பெட்டி போனப்புறம் போ. மதியம் ஆயிடும்" என்றேன்.

அவள் முகம் கறுத்துவிட்டது. கத்தரியை மேஜையில் டக்கென்று வைத்தாள். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே பக்கத்திலிருந்தவளிடம், என் காதில் விழ வேண்டும் என்றே, "ஓனரம்மாவுக்கு ஈவு இரக்கமே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் திட்டு முழுவதும் எனக்கே வந்தது.